பார்க்காமல் போட்ட எட்டு

மாணவர் நோயாளியைப் பரிசோதிக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று பதினைந்து நிமிஷம் பார்க்க வேண்டும். எது சரி, எது சரியில்லை என்று மாணவரிடமே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மார்க் போட வேண்டும். மார்க் போடும் தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. திருவொற்றியூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒன்பது வருஷமாக அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை பேரை நின்று பார்த்தேன் என்று கேட்டால் வெட்கக்கேடு, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாக்குச் சொல்ல எனக்கா தெரியாது? பெரம்பூரிலிருந்து கிளம்பி வந்தால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். நான் வந்து சேர்வதற்குள் ஓ.பி. கூட்டம் வாசலைத் தாண்டியிருக்கும். மாதக் கடைசியில் மாணவர்களின் பதிவேடுகள் மேஜையில் குவியும். ஒரு கையால் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பத்துக்கு எட்டு, ஏழு, எட்டு என்று போட்டுத் தள்ளுவேன். ஆறுக்குக் கீழே போனால் விளக்கம் எழுத வேண்டும். ஒன்பது போட்டால் வேண்டியவன் என்பார்கள். எட்டு போட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒவ்வொரு மாணவரையும் இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட வேண்டும் என்றும் விதி உண்டு. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படட்டும் என்றுதான். பக்கத்து அறை மேடம்தான் எனக்கு ஜோடி. அவர் போட்டதைப் பார்த்து நான் போடுவேன். அடுத்த மாதம் நான் போட்டதைப் பார்த்து அவர் போடுவார். இரண்டு பேர் மார்க்கும் இப்படி ஒத்துப்போவது நம் துறையில்தான் என்று ஒரு கூட்டத்தில் எங்களுக்குப் பாராட்டு வேறு கிடைத்தது. நானும் மேடமும் அவரவர் காபி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் மழைக்காலத்தில் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா மூச்சுத் திணறலோடு எங்கள் வார்டில் சேர்ந்தார். முதலில் அவரைப் பரிசோதித்து எழுதியவள் ஒரு ஹவுஸ் சர்ஜன். படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருந்த பெண். எங்களிடமே படித்தவள், வியாசர்பாடிக்காரி, கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். முதுகில் தட்டிப் பார்த்ததில் இருபுறமும் ஒரே சத்தம், கோளாறில்லை என்று எழுதியிருந்தாள். மறுநாள் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மாவால் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்க முடியவில்லை. அப்போதுதான் நான் அவர் முதுகில் கை வைத்தேன். இடப்பக்கம் கீழே தட்டினால் கருங்கல்லில் தட்டிய மாதிரி இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுத்ததும் மாலைக்குள் அவருக்கு மூச்சு சீரானது. எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் ரவுண்ட்ஸில், அந்த அம்மாவின் கட்டிலருகே, எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"முதுகைத் தொட்டுப் பார்த்தியா இல்லையா?"

"தட்டிப் பார்த்தேன் சார்."

அந்த அம்மா குறுக்கே புகுந்தார். "அத்த ஏன் சார் திட்டிகினு கீறே? பாவம், முதுகு பூரா தட்டுச்சி. நீதான் ரெண்டு நாளா கிட்டயே வரல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "யாரும்மா உனக்கெல்லாம் பாஸ் போட்டது?" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன்.

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"நீங்கதான் சார். எட்டு போட்டீங்க. மேடமும் எட்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குரலை இறக்கி, "எப்படித் தட்டினே, காட்டு" என்றேன். முதுகைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மா. "தட்டு பாப்பா, பயப்படாதே" என்றார்.

அவள் இடது கையை முழுசாக, தொளதொளவென்று முதுகில் பரப்பினாள். அதன்மேல் வலது விரலால் தட்டினாள். எங்கே தட்டினாலும் 'தொப்' என்று ஒரே சத்தம். உள்ளே மிச்ச நீர் இருந்த இடத்திலும் அதே சத்தம்தான்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் சார் கேட்கும். இதுதான் சரின்னு நினைச்சேன்" என்றாள்.

எட்டு வாங்கியவள் வேறு எப்படி நினைப்பாள்? நடுவிரல் மட்டும் அழுந்தட்டும், மற்ற விரல்களைத் தூக்கிக்கொள், மணிக்கட்டிலிருந்து தட்டு என்று சொன்னேன். நாலைந்து தடவை விரலைத் திருத்தி வைத்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் அவளுக்குக் கைவந்துவிட்டது. வலப்பக்கம் ஒரு சத்தம், இடப்பக்கம் கீழே வேறு சத்தம். கேட்டதும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மொத்த வேலையே இவ்வளவுதான். இதைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

அப்புறம் அந்தச் சந்தோஷம் வடிந்தது. விரலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஆறு மாசமா நான் பார்த்த எல்லாரையும் இதுக்கு முன்னாடி தட்டின மாதிரிதான் தட்டினேன். எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் சரின்னுதான் எழுதினேன். அவங்கள்லாம்?"

அந்த அம்மாவும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.