மணம் மறையும் வேகம்

கல்லூரியின் கடைசி வருடத்தில் நானும் என் தோழியும் எறும்புகளைப் பார்த்து ஒரு புரோகிராம் எழுதினோம். தொண்ணூறுகளின் பின்பாதி அது. மூளையின் நரம்புகளைப் போல, உயிரினங்களின் பரிணாமத்தைப் போல கணினியை விடை தேட வைக்கலாம் என்று எங்கள் துறையில் பேச்சாவது இருந்தது. எறும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சீனியர் ஒருவர் அனுப்பிய ஜெராக்ஸ் கட்டுரை மட்டுமே எங்களிடம் இருந்தது. அதிலும் பல பக்கங்களில் ஓரத்து வரிகள் விழவில்லை.

விஷயம் எளிது. இரை கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் ஒரு மணத்தை விட்டுச் செல்கிறது. பின்னால் வருவது அந்த மணத்தைப் பிடித்துப் போய், தன் பங்குக்கும் கொஞ்சம் விடுகிறது. குறுகிய வழியில் போனவை சீக்கிரம் திரும்புவதால் அங்கே மணம் கூடிக்கொண்டே போகும். சுற்று வழியில் அது மறைந்துவிடும். வரைபடமோ வழிகாட்டியோ இல்லாமல் கூட்டம் நல்ல வழியைக் கண்டுகொள்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டது கல்லூரிப் பேருந்தின் வழி. திருநெல்வேலியில் கிளம்பி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், ஆழ்வார்குறிச்சி, முக்கூடல் என்று ஆற்றின் இரு கரை ஊர்களையும் ஒருமுறை தொட்டுத் திரும்ப வேண்டும். பாலம் எல்லா இடத்திலும் இல்லை. கணினிக்குள் எறும்புகளை விட்டு, எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்று அவற்றையே கண்டுபிடிக்கச் சொன்னோம்.

தோழிக்கு இது ஒரு புராஜெக்ட், அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. வெளித்தேர்வாளராக வரவிருந்த சென்னைப் பேராசிரியர் இதே துறையில் ஆராய்ச்சி மாணவர்களைத் தேடிக்கொண்டிருந்தார். வேலை பிடித்துப்போனால் சேர்த்துக்கொள்வார் என்று எங்கள் துறையில் சொன்னார்கள். ஆழ்வார்குறிச்சியில் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"அவரு எடுத்துக்கிட்டா போய்ப் படி. இல்லன்னா அந்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கைல இருக்குல்லா, பேசாம அதுல சேந்துரு" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

புரோகிராமுக்கு முக்கியமான எண் ஒன்று தேவைப்பட்டது: மணம் எவ்வளவு வேகத்தில் மறைய வேண்டும். கட்டுரையில் அந்தப் பகுதி விழுந்திருக்கவில்லை. நிஜ எறும்பைப் பார்த்தே தீர்மானிப்போம் என்று சொன்னது நான்தான். படிப்பு விடுமுறையில் அவள் மேலப்பாளையத்தில் அவள் வீட்டிலும், நான் எங்கள் வீட்டிலும் பார்ப்பதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டு எறும்புகள் சாப்பாட்டு அறையின் வாசல்நிலைக்கு அடியிலிருந்து வரும். எதிர்ச்சுவர் ஓரம் காலையில் சீனி வைப்பேன். வரிசை பிடித்து வந்து தூக்கிப் போய்விடும். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அதே இடத்தில் மறுபடி சீனி வைத்து, பழைய வழி நினைவிருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. புதிதாக வந்ததுபோல அங்குமிங்கும் அலையும். சீனியின் அளவு, தூரம், வெயில், ஜன்னல் திறந்திருந்ததா, மின்விசிறி ஓடியதா, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறிக்காமல் எதையும் செய்ய எனக்கு வராது.

அம்மா ஒருநாள், "ஏட்டி, மனுசங்க சாப்பிட்டாச்சு. எறும்புக்குப் பந்தி போடுததுக்கு முன்னால எடத்தத் தொடச்சு விடு" என்றாள். துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

விடுமுறை முடிந்து ஆய்வகத்தில் சந்தித்தபோது தோழி சிரித்தாள்.

"ஏளா, எங்க வீட்டு எறும்பு சாயங்காலம் வரைக்கும் அதே கோட்டுலதான் போகுது. உங்க வீட்டு எறும்புக்கு என்ன, மறதி சீக்கா?"

"நீ எத்தன தடவ பாத்த?"

"ரெண்டு தடவ. உம்மா ஏசுனாங்க, விட்டுட்டேன்."

நான் விடுமுறை முழுவதும் பார்த்திருந்தேன். அதனால் என் எண்ணையே போட்டோம். அவளும் மறுத்துப் பேசவில்லை.

புரோகிராம் ஓடியது. ஆனால் எறும்புகள் ஒரு வழிக்கு வரவேயில்லை. ஒன்று கண்டுபிடித்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேருவதற்குள் மணம் மறைந்துவிடும். எங்கோ பிழை என்று வரிவரியாகத் தேடினோம். அந்த எண்ணை மட்டும் தொடவில்லை. அது கண்ணால் பார்த்தது. தேர்வு நாளில் பேராசிரியர் திரையில் கோடுகள் சிதறுவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்த எண் எங்கேருந்து வந்ததும்மா?"

"வீட்டுல எறும்பைக் கவனிச்சு எடுத்தது சார்."

"நல்ல யோசனை. ஆனா எறும்பு இவ்வளவு சீக்கிரம் மறந்தா பட்டினி கிடந்து செத்துருமே" என்று சிரித்தார். அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மத்தியானம் இலைகளை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தரையை வளைத்து வளைத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன். சுவரோரம் வந்ததும் கை நின்றுவிட்டது. நிலையிலிருந்து சுவர் வரை எறும்பு போகும் தடம் முழுவதும் ஈரம். சாப்பிட்ட இடத்தை உடனே துடைப்பது எங்கள் வீட்டில் ஒரு வேலையாகவே கணக்கில்லை. சாப்பாடு முடிந்தது என்றால் துடைத்தாயிற்று என்றுதான் அர்த்தம். நான் குறித்துவைத்த எதிலும் அது வரவில்லை. தோழியின் வீட்டில் விரிப்பைப் போட்டுச் சாப்பிடுவார்கள், பிறகு அதை மடித்து வெளியே உதறிவிடுவார்கள். தரையில் தண்ணீர் படுவது காலையில் மட்டும்தான்.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"பாவம்ளா உங்க வீட்டு எறும்பு. அது போட்ட ரோட்ட தெனமும் நீயே கழுவி விட்டுட்டு, அதுக்கு ஞாபகமில்லன்னு எழுதி வச்சிருக்க!"

எண்ணை மாற்றினோம். கொஞ்ச நேரம் அலைந்த கோடுகள் மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றைக் கடந்து, முக்கூடல் வழியாகத் திரும்பின. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் சென்னைக்குத் திரும்பிப் போயிருந்தார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டார்.

"காரணத்தைக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுதான் ஆராய்ச்சி. ஆனா இந்த வருஷத்துக்கு ஆள் எடுத்தாச்சும்மா. அடுத்த வருஷம் எனக்கு எழுதுங்க. கட்டாயம் பார்க்கறேன்."

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். நான் வேலையில் சேர்ந்தேன். இரண்டாயிரமாவது வருடம் வருவதற்குள் பழைய புரோகிராம்களில் வருடத்தின் இரண்டு இலக்கங்களை நான்காக்கும் வேலை. நன்றாகவே செய்தேன். அடுத்த வருடம் வந்தபோது, கையிலிருக்கும் புரோகிராம்கள் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். அப்பா சம்மதிக்க மாட்டார் என்பதற்கு என்னிடம் வரிசையாகக் காரணங்கள் இருந்தன: வயது, தங்கையின் படிப்பு, நிரந்தர வேலை, ஊரில் பேசும் பேச்சு. எழுதவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. போன பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அப்பா பேருந்து நிலையம் வரை வந்தார். நின்றுகொண்டிருக்கையில் கேட்டார்.

"அந்த சார் அடுத்த வருசம் எழுதச் சொன்னாருன்னியே. எழுதினியா?"

"இல்லப்பா. நீங்கதான வேலைல சேரச் சொன்னீங்க."

"அது அந்த வருசத்துக்குச் சொன்னது. மறு வருசம் நீயா வந்து கேப்பன்னுல்லா நெனச்சேன். கேட்டா சரின்னு சொல்லிருவோம்னு உங்க அம்மாட்டகூட சொல்லி வச்சிருந்தேன்."

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"வேலை புடிச்சுப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதற்குள் பேருந்து உள்ளே வந்து திரும்பியது. கூட்டம் படிக்கட்டை நோக்கி ஓடியது. அப்பா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, ஜன்னல் வழியாக ஒரு இருக்கையில் அதைப் போட்டார். "எடம் போட்டாச்சு, அவசரப்படாம பைய ஏறு" என்றார். நான் ஏறிக்கொண்டேன்.