ரோஸ் மில்க் மிஷினின் ஜாயின்ட்

என் அக்கா மர்பி டவுனில் தன் வீட்டு வாசலிலேயே ரோஸ் மில்க் கடை போட்டிருக்கிறாள். பாலைக் குளிர வைக்கப் பழைய மிஷின் ஒன்றை வாங்கினாள். அதில் செம்புக் குழாய் ஒன்று வந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியின் குழாயோடு சேரும். கோடை தொடங்கிய வாரமே அந்த ஜாயின்ட் விட்டுக்கொண்டது. குளிர வைக்கும் கேஸ் போய், பால் முழுக்கத் திரிந்துவிட்டது.

யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஏ.சி. மெக்கானிக். அல்சூர் பக்கம் அவர் பற்றவைத்த குழாய் கசிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. நான்கு தோசை வார்க்கிற நேரத்தில் வேலையை முடித்தார். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தோம். கேஸ் கசிந்தால் குமிழி வரும், ஒன்றுகூட வரவில்லை.

சில நாளில் பால் மறுபடி திரிந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி நுரை தடவினோம், குமிழி இல்லை. அதுவும் சில நாள்தான்.

எனக்குத் தலை சுற்றியது. செம்பு சூட்டை இழுத்துக்கொண்டு ஓடும், ஸ்டீல் வாங்கிய இடத்திலேயே வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் ஒத்துவராது, தொட்டியையே மாற்று என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். ஹார்டுவேர் கடையில், இரண்டு டியூபைப் பிசைந்து பூசும் பசையே போதும் என்றார்கள். வீடியோவில் ஒருவர் இரண்டையும் கேலி செய்தார். ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறை. நான் எல்லோரையும் நம்பித் தொலைத்தேன்.

அக்கா மட்டும் குழம்பவில்லை. ஒரு மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஊரெல்லாம் இவர் வெக்கிற ஜாயின்ட் நிக்குது. என் வீட்டுல வெக்கிறது மட்டும் நிக்க மாட்டேங்குது. நான் கடை போட்டது இவருக்குப் பிடிக்கலடா."

தெருவில் நின்று பால் விற்க வேண்டுமா என்று ஆரம்பத்தில் மாமா முகத்தைத் தூக்கி வைத்திருந்தது உண்மைதான். அதற்காக இப்படியா நினைப்பது? அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா மேலும் வந்தது, எதற்கென்றே தெரியாமல்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. மெக்கானிக்கல் படித்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்க்கும் நண்பனிடம் கம்பெனி வண்டியில் கேட்டேன். பற்றவைக்கும்போது மாமா உருக்கி விடும் ராடின், அதாவது கம்பியின், படத்தைக் காட்டினேன்.

"இதுல பாஸ்பரஸ் இருக்குடா. செம்புக்குச் செம்புன்னா சூப்பர். ஸ்டீல் மேல ஒட்டின மாதிரியே இருக்கும், மிஷின் அதிர்ந்தா பிஸ்கட் மாதிரி உடையும். சும்னே சூடு பண்ணிப் பிரயோஜனம் இல்ல. சில்வர் ராடு, அது ஸ்டீல்ல பிடிக்க ஃப்ளக்ஸ் பவுடர், ரெண்டும் வேணும்."

அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு உடனே போன் செய்து, தப்பு ராடு மேலேதான், மாமா மேலே இல்லை என்றேன். மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராடும் பவுடருமாகப் போய் நின்றேன். மாமா கேட்காமலே அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். நான் விளக்கியதையெல்லாம் மாமா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். லைட்டரை எடுக்கத் தன் பையைத் திறந்தார். அடியில் ஒரு சில்வர் ராடும், பாதி தீர்ந்த ஃப்ளக்ஸ் டப்பாவும் கிடந்தன. அக்காதான் முதலில் பார்த்தாள்.

"இது எப்பவும் பையிலதான் இருக்குமா?"

"கம்ப்ரசர் வேலைக்கு வெச்சிருக்கேன். இங்க போடணும்னு தோணல."

மாமா ஸ்டீலை உப்புத்தாளால் தேய்த்து, பவுடரைக் குழைத்துப் பூசி, நெருப்பைச் செம்புப் பக்கமே அதிகம் காட்டினார். வெள்ளி உருகிச் சுற்றிலும் ஓடிப் படிந்தது. நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை.

மறதிதான் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றும். கம்ப்ரசர் குழாயும் ஸ்டீல்தானே, அங்கே மட்டும் எப்படித் தோன்றியது என்று மறுநாள் தோன்றும். மாமாவிடம் கேட்கலாம். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கோடை போய் மழையும் வந்துவிட்டது. ஜாயின்ட் அப்படியே நிற்கிறது. கடையில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவே கிளாஸ் கழுவித் தருகிறார். அக்காவும் அவரிடம் சிரித்துத்தான் பேசுகிறாள். ஆனால் தினமும் காலையில் கடை திறக்கும் முன், அவர் கண் முன்னாலேயே, அந்த ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறாள்.