அடி வாங்கிய வண்டி

கொச்சியில் எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால், பொதுக்குழாயை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அது ஓடாது. அடிப்பதற்காக வைத்திருந்தோம்.

அப்பா இரும்புத் தடியால் அடிப்பார். வேலை முடிந்து வரும் ஆண்கள் போகிற போக்கில் ஓர் உதை விடுவார்கள். துணி துவைக்கும் பெண்கள் ஈரப் புடவையை முறுக்கி டாங்கின் மேல் ஓங்கி அறைவார்கள். எங்கள் பையன்களில் யாருக்காவது தெரு கூட்டும் வேலை கிடைத்தால், முதல் நாள் காலையில் வண்டியை உதைத்துவிட்டுத்தான் புறப்படுவான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுகூட அதற்குப் பிறகுதான். நானும் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை இறக்கி வைக்காமலே தண்ணீர் பாட்டிலால் ஹெட்லைட்டில் ஒரு போடு. அந்தப் பாட்டில்கள் ஒன்றும் நிலைத்ததில்லை. அம்மா அதற்காக என்னை அடிப்பாள்.

வண்டி முதலில் ஒரு இன்ஸ்பெக்டரிடம் இருந்தது. தெரு கூட்டுபவர்களை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. விடியும் முன் அந்த வண்டியின் சத்தம் மட்டாஞ்சேரித் தெருமுனையில் கேட்டால் எங்கள் ஆட்கள் துடைப்பத்தோடு எழுந்து நிற்பார்கள். வண்டியிலிருந்து இறங்காமலே பூட்ஸ் காலால் முதுகில் மிதிப்பது அவருடைய பழக்கம். ஒரு நாள் ஆஜர் எடுக்கும் இடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு உதைக்கச் சொன்னார். அப்பா அதுவரை எந்த வண்டியையும் தொட்டதில்லை. வெறும் காலால் உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் முறிந்து எலும்பு வெளியே வந்தது. மண்ணில் கிடந்த அப்பாவைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"கண்டோ? வண்டிக்குக்கூட இவங்களைப் பிடிக்கல்ல."

அந்தக் கால் பிறகு நேராகவே ஆகவில்லை. வண்டி பழசாகி இரும்பு ஏலத்துக்கு வந்தபோது அப்பா நொண்டிக்கொண்டே போய் அதை எடுத்தார். தள்ளிக்கொண்டு வந்து குழாயடியில் நிறுத்தி, அன்றே முதல் அடியைப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்தை நானாகக் கற்றுக்கொண்டேன். இப்போது எர்ணாகுளத்தில் கட்டட வரைபடம் போடுகிறேன். படகேறி வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடப்பவள் நான் ஒருத்திதான். அதை வீட்டுக்கு வந்த பிறகும் உடனே கழற்ற மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். எங்கள் குழாயடி வண்டியின் அண்ணன் தம்பிகள். ஒரு கீறல் இல்லை. சொந்தக்காரர்கள் வேட்டி நுனியால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. அந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த சீட்டில் நான் உட்கார்ந்து, அதே சத்தத்தோடு, அதே தெரு வழியே போக வேண்டும். அடித்து அடித்து அந்த வண்டியை எங்களால் தோற்கடிக்க முடிந்ததில்லை. ஓட்டித்தான் தோற்கடிக்க முடியும் என்று நினைத்தேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு வங்கி ஊழியர். சேட்டன் என்றே கூப்பிட்டேன். அவர் குடும்பத்துக்கு மட்டாஞ்சேரியில் மூடிக்கிடந்த சுக்குக் கிடங்கு ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் அதன் முற்றத்தில் ஆளுக்கு ஆள் உதவி வண்டிகளைச் சரிசெய்வார்கள். எர்ணாகுளம் பிராட்வேயில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒரு தடித்த மனிதர் அவருக்குக் கூட்டாளி. எந்த போல்ட்டையும் கையில் உருட்டிப் பார்த்தே அளவு சொல்வார். எங்கள் வண்டியைப் பற்றிக் கேட்டதும் அதை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள்.

வண்டியை எடுத்துப் போகச் சரக்கு ஆட்டோ வந்த அன்று அப்பா தடியோடு வெளியே வந்தார்.

"எடீ, அதை எங்க கொண்டுபோற?"

"நன்னாக்க. திரும்ப ஓட வைக்க."

"நன்னாக்கவோ? பிராந்து பிடிச்சுதா உனக்கு?"

சொல்லிக்கொண்டே ஓங்கினார். நான் விலகியதில் ஆட்டோவின் கண்ணாடி நொறுங்கியது.

"அய்யோ, என்ற வண்டி உங்களை என்ன செஞ்சுது?" என்று டிரைவர் கத்தினார்.

"உன்னோடதும் வண்டிதானேடா!"

தெரு முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. தடி முனையை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"ஸ்டார்ட் செய்யுற அன்னைக்கு என்னை விளி. தடியோட வருவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பொறுக்கல்லன்னா அங்கயே உடைச்சுத் தூளாக்குவேன். நீ தடுக்கக்கூடாது."

"தடுக்க மாட்டேன்."

"சத்தியம் செய்."

"செஞ்சாச்சு."

கிடங்கு முற்றத்தில் வண்டியை இறக்கியதும் சேட்டன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிபட்ட குழந்தையைப் பார்ப்பது போலிருந்தது அவர் முகம்.

"மோளே, இதை யாரு இப்படித் தல்லினது?"

"எல்லாரும்."

"எல்லாருமா? இது என்ன, பிடிபட்ட கள்ளனா?"

முதலில் ஓட்டியவர் ஓர் இன்ஸ்பெக்டர் என்று மட்டும் சொன்னேன். கணுக்கால் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் என் பக்கம் திரும்பும். எனக்கு அவர்களிடமிருந்து ஸ்பேனர் வேண்டியிருந்தது, பரிதாபம் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் கற்றது எல்லாம் அடிதான். துருவேறிய நட்டுகளைத் தீயில் சிவக்கக் காய்ச்சி அடித்தோம். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் இறக்கினோம். சேட்டனின் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றது. பிராட்வேக்காரரின் புருவத்தை ஒரு ஸ்பிரிங் தெறித்துக் கிழித்தது. அவர் ரத்தத்தைத் தோளில் துடைத்துவிட்டுச் சாயாவைக் குடித்து முடித்தார். டாங்கைக் கழற்றி, அதன் பள்ளங்களை வளைந்த கம்பிகளால் உள்ளிருந்து நெம்பி, வெளியே தட்டித் தட்டிச் சமமாக்கினோம். அப்பாவின் அடிகள் ஆழமானவை. எந்தப் பள்ளம் அவருடையது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நானே எடுத்தேன்.

எஞ்சினைப் பூட்டிய அன்று ஆசை தாங்காமல் ஏறி உதைத்தேன். கிக்கர் பாதி வழியில் நின்று, பாய்ந்து மேலே வந்து என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. வண்டியும் நானும் தனித்தனியே விழுந்தோம்.

"கிட்டியோ?" என்று பிராட்வேக்காரர் சிரித்தார். "இந்தத் தல்லு எல்லாருக்கும் ஒரு தடவை உண்டு. ஏய், பொண்ணுக்கு அந்த லீவரைக் காட்டிக் கொடுக்கலையா?"

சேட்டன் காட்டினார். இடது கைப்பிடியில் சின்னதாக ஒரு லீவர். சாவியைத் திருப்பிவிட்டு, அதை அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். ஹெட்லைட்டின் மேல் இருக்கும் சின்ன மீட்டரில் முள் நடுவுக்கு வரும். வந்ததும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. அப்படிச் செய்தால் திருப்பி அடிக்காது.

"இது தெரியாம இந்த வண்டியை ஒரு நாள்கூட ஓட்ட முடியாது மோளே," என்றார்.

காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வலி காலில் இல்லை. தினமும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவருக்கு இது தெரியும். அப்பாவை உதைக்கச் சொன்னபோதும் தெரியும். இத்தனை வருடம் நாங்கள் அடித்தது ஆளை இல்லை, இரும்பை.

அப்பாவிடம் இதை வாயால் சொல்வதில்லை, ஸ்டார்ட் செய்யும் அன்று அந்த முள்ளைக் காட்டியே சொல்வது என்று முடிவுசெய்தேன்.

ஒரு வண்டி உயிர்த்து எழும் நாளை அவர்கள் திருவிழா மாதிரி நடத்துவார்கள். அந்த ஞாயிறு முற்றத்தில் பழைய வண்டிகள் நிறைந்தன. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். கருப்பாக மின்னிய டாங்கின் மேல் கையை வைத்தார். தடவிக்கொண்டே போனார். தேடுகிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"என் அடியெல்லாம் எங்கடீ?"

"தட்டி எடுத்துட்டோம்ப்பா."

அவர் காகிதத்தைப் பிரித்துக் கீழே போட்டார். தடி வெளியே வந்தது. நான் குறுக்கே போகவில்லை. சத்தியம் செய்திருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சேட்டன் முகமெல்லாம் பல்லாக ஓடினார். "மோளே, உனக்கொரு சர்ப்ரைஸ்!" என்றார். உயிர்த்தெழுந்த வண்டிக்கு அதை முதலில் ஓட்டியவர்தான் முதல் உதை கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அலைந்து விசாரித்து, திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் இருந்தவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கிழவராகியிருந்தார், ஆனால் நிமிர்ந்து நடந்தார். வண்டியைப் பார்த்ததும் கண் கலங்கியது. அப்பாவைத் தாண்டித்தான் வந்தார். அடையாளம் தெரியவில்லை. தடியோடு நின்றவரை முற்றத்து வேலையாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்ற வண்டி!" என்று டாங்கைத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உற்சாகமாகச் சாவியைத் திருப்பினார். "இதுக்கொரு வித்தை உண்டு, பிள்ளைங்களே. இந்த லீவரை அமுக்கணும். மெதுவா இறக்கணும். கண்டோ? முள் நடுவில. இனி லீவரை விடணும். இது அறியாத மண்டன் சவிட்டினா காலு ஒடியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா முள்ளைப் பார்த்தார். பிறகு லீவரை. பிறகு என்னை. நான் தலையாட்டினேன்.

"ஒடிஞ்சுது சாரே," என்றார் அப்பா.

"எந்தா?"

"என் காலு. இதே வண்டி. ஆஜர் எடுக்கிற இடத்துல, நீங்கதான் சவிட்டச் சொன்னீங்க. அன்னைக்கு ஏன் இந்த லீவரைச் சொல்லல்ல?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"எந்த நாள்? ஓர்மை இல்லையே. எத்ர பேரு இருந்தீங்க நீங்கள்லாம்," என்று சிரித்தார்.

அப்பா இடது கையால் அறைந்தார். இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி பறந்து கல்லில் உடைந்தது. கிழவர் பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியின் மேல் சாய்ந்தார், உதட்டிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டியது. தடி தலைக்கு மேல் உயர்ந்தது. அந்தக் கணத்தில் அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கிழவர் மண்டையிலா, என் வண்டியிலா. தடுப்பதில்லை என்று சொன்னது வண்டிக்கு மட்டும்தானா என்று யோசிக்கவும் நேரமில்லை.

பிராட்வேக்காரர் பாய்ந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். "கிழவனையா தல்லுற, நாயே!" அப்பாவின் பின்னந்தலை சுவரில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கையில் ஸ்பேனர் இருந்தது. பிராட்வேக்காரரின் முழங்கையில் ஓங்கி அடித்தேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அலறிக்கொண்டு அப்பாவை விட்டார்.

அப்பா சுவரிலிருந்து வந்தார். தடி கீழே விழுந்திருந்தது. அதை எடுக்கவில்லை. நொண்டி நொண்டி வண்டியிடம் போனார். முள் இன்னும் நடுவில் நின்றது. கோணல் காலைத் தூக்கிக் கிக்கரில் வைத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டார்.

வண்டி ஒரே உதையில் எழுந்தது.

சுக்குக் கிடங்கின் சுவர்களுக்கு நடுவே அந்தச் சத்தம் இடித்தது. என் வயிற்றில் அடித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தாடை இறுகியிருந்தது. பொறுக்க முடியவில்லை என்றால் இப்போது உடைப்பார். நான் தடியைப் பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதை நகர்த்தவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார்.

"எடுடீ வண்டியை."

சேட்டன் கிழவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "இனி இங்க வரவேண்டா." அதற்குப் பிறகு நான் போகவில்லை. கடற்கரையில் அவர்கள் வண்டிகள் நிற்கும் பக்கமும் போவதில்லை. போலீஸ் வரும் என்று கொஞ்ச காலம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

அன்று நான் ஓட்டினேன், அப்பா பின்னால் உட்கார்ந்தார். தடி முற்றத்திலேயே கிடந்தது. தெருமுனை திரும்பியபோது சத்தம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. குழாயடியில் வயதானவர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி துடைப்பத்தை எடுத்துப் பிடித்திருந்தாள். எங்களைப் பார்த்த பிறகும் உட்கார அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எதிர்வீட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து, பழைய பழக்கத்தில் பின்சக்கரத்து மட்கார்டில் ஓர் உதை விட்டார்.

அப்பா இறங்கினார். பின்னந்தலையில் ரத்தம் காய்ந்து காலரில் ஒட்டியிருந்தது. அண்ணனின் கன்னத்தில் ஒன்று கொடுத்தார்.

"இனி எவனாவது என் மகள் வண்டியைச் சவிட்டினா, அந்தக் காலை நான் ஒடிப்பேன்."