அக்கா சும்மா கொடுத்த ராணி

போன வருடம், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட். அன்றைக்குத்தான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவைச் செஸ்ஸில் வெல்லப் போனேன். அதைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

கதை அதற்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்குகிறது. அக்காவுக்கு ஆறாம் மாதம். பிரஷர் ஏறிவிட்டது, கட்டிலை விட்டு அதிகம் எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு டோஹாவில் வேலை, பிரசவத்துக்குத்தான் லீவு. அதனால் வெள்ளவத்தையில் இருந்த அக்கா எங்களிடம் வந்து படுத்தாள். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத ஆள். இரண்டாம் நாளே, ஃபேன் இறக்கையில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அம்மாவுக்கு ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏதாவது கேம் போட்டுத் தாடா, பைத்தியம் பிடிக்குது."

என்னிடம் கேம் கேட்டால் விடுவேனா? கேம்பஸில் படித்த காலத்தில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுத்தான் டவுன்லோட் பண்ணுவார்கள். என் டேப்லெட்டில் இருந்ததிலேயே சூப்பரானதைக் கொடுத்தேன். ஒரு தீவில் குதித்து, எதிரே வருகிறவனை எல்லாம் சுட்டுத் தள்ளுவது. மூன்றே நாளில் அக்கா என்னைவிட நன்றாகச் சுட்டாள். நான்காம் நாள் பின்னேரம் அம்மா பிரஷர் மெஷினைக் கட்டினார். இலக்கத்தைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு மூளை இருக்கா? வயித்தில பிள்ளையோட இருக்கிறவளுக்குத் துவக்கு குடுத்திருக்கிறாய்."

அதற்குப் பிறகுதான் மெதுவான கேம் தேடும் படலம். கொத்துரொட்டிக் கடைக்காரனிடம் கஞ்சி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. முதலில் ஒரு தோட்டம் செய்யும் கேம். அமைதியானதுதான், ஆனால் கத்தரிச்செடி வாடுகிறது, தண்ணீர் ஊற்று என்று மணிக்கொரு தடவை டிங் டிங் என்று கூப்பிடும். அக்கா பகல் தூக்கத்தில் எழும்பித் தண்ணீர் ஊற்றினாள். அழித்துவிட்டோம். அடுத்தது, படத் துண்டுகளைப் பொருத்துவது. சத்தமில்லை, அவசரமில்லை, தோல்வியும் இல்லை. அதுதான் பிரச்சினை. அக்காவுக்குத் தோற்கடிக்க ஒரு ஆள் வேண்டும்.

கடைசியில் கிடைத்தது கடிகாரம் ஓடாத செஸ். ஒருவர் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போகலாம். மற்றவர் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்து பதில் நகர்த்தலாம். ஹாலில் ஒஃபிஸ் வேலை செய்துகொண்டே நான் போனில் ஒரு காய், அறைக்குள் டேப்லெட்டில் அவள் ஒரு காய். ஒரு ஆட்டம் மூன்று நாள் ஓடும். அக்கா ஸ்கூல் டீமில் ஆடியவள். எத்தனை ஆட்டம் ஆடினோமோ அத்தனையிலும் நான் அவுட். ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "படிச்சவராம்" என்று ஒரு குரல் வரும். ஆனால் பிரஷர் இறங்கியது. அம்மா எனக்கு மறுபடியும் ஒழுங்காகச் சாப்பாடு போட்டார்.

அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். என்ன மழை என்றாலும் மெழுகுதிரியோடு போயே ஆவார். இந்தத் தடவை அக்காவுக்காக நேர்த்திக்கடன் வேறு. ஆகவே செவ்வாய்களில், ஹாலில் வேலை செய்துகொண்டே அக்காவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் பார்த்துக்கொண்ட லட்சணம், பத்தடி தள்ளி ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

அன்று பத்து மணியிருக்கும். போன் அதிர்ந்தது. அக்கா தன் ராணியைக் கொண்டுவந்து நேராக என் சிப்பாயின் வாயில் வைத்திருந்தாள். ஏதாவது பொறியா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றுமில்லை. வெட்டினேன். ஸ்க்ரீன்ஷொட் எடுத்து, அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் இருக்கும் க்ரூப்பில் போட்டேன்: 'ராணி அவுட். இனிமேல் என்னை சேர் என்று மரியாதையாகக் கூப்பிடவும்.' அறையிலிருந்து சத்தமே இல்லை. கோபம் போல என்று நினைத்து விசில் வேறு அடித்தேன்.

இரண்டு நிமிடத்தில் டோஹாவிலிருந்து அத்தானின் போன் கோல்.

"மச்சான், அக்கா எங்க?"

"ரூம்ல. முகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்கிறா."

"கல்யாணம் முடிச்ச இவ்வளவு நாள்ல அவ எனக்கு ஒரு சிப்பாய் கூடச் சும்மா தந்ததில்ல. இது அவட விளையாட்டில்ல. போய்ப் பாரு."

"தோத்தா தோத்ததுதான் அத்தான், இதுக்குப் போய்..."

"எழும்புடா."

அத்தான் அதுவரை என்னை 'டா' போட்டதே இல்லை. எழும்பிப் போனேன்.

அக்கா கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிடந்தாள். டேப்லெட் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"லைட்ட ஓஃப் பண்ணுடா. மினுங்குது."

அறையில் லைட்டே போடவில்லை.

விடியற்காலையிலிருந்தே தலையிடியாம். சொன்னால் அம்மா நேர்த்தியை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுவார் என்று சொல்லவில்லை. ராணியைப் பற்றிக் கேட்டேன். "அங்க சிப்பாய் இருந்திச்சா? தெரியல்லடா" என்றாள்.

தலையிடியும் கண்ணில் மினுக்கமும் வந்தால் யோசிக்காமல் வர வேண்டும் என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டு ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்தது. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிற கதவு. அன்று பார்த்து லிஃப்ட்டும் வேலை செய்யவில்லை. மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக இறங்கினோம். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். த்ரீவீல்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பய வெண்ட எபா மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று சிங்களத்தில் சொன்ன அந்த மனிதர், ஹோர்னில் இருந்து கையை எடுக்காமலே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

பின்னேரமே ஒப்பரேஷன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். கோயிலிலிருந்து நேரே ஓடிவந்த அம்மாவின் சேலையில் மெழுகுதிரி வாசம். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். என் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் விசில் அடித்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அக்காவின் மகள், என் மருமகள், எட்டாம் மாதத்திலேயே பிறந்து, சில வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வந்தாள். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் கடிக்கிறாள், டேப்லெட் உட்பட. அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. ராணியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், அந்த கேமில் அதற்கு வழியில்லை. "வச்சிக்கொள், ராணி இல்லாமலே அடிக்கிறேன்" என்கிறாள் அக்கா. ஒரு கையில் பிள்ளை, மறு கையால் வாரத்துக்கு ஒரு காய். சொல்ல வெட்கமாக இருக்கிறது, தோற்றுக்கொண்டிருப்பது நான்தான்.

மெதுவான கேம் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிற எல்லோருக்கும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: கடிகாரம் இல்லாத ஒன்றை எடுங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆளோடு ஆடுங்கள். என்னோடு ஆடுகிற யாராவது அவருக்குப் பொருந்தாத ஒரு மடத்தனமான காயை வைத்தால், நான் அதை வெட்டுவதற்கு முன்னால் ஒரு கோல் எடுத்து, "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன்.