முடியாத விரதம்

உண்ணாமல் மெலிந்துவரும் ஒரு பெண்ணின் கையால் குங்குமம் வாங்கிக்கொள்ள, தெலுங்கு நாட்டுக் குகட்பள்ளிக் குடியிருப்பில் என் வீட்டு வாசலில் வெள்ளிதோறும் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து நின்றனர். கல்லூரியில் படித்துவந்த என் மகள் வசந்தா வியாழன், வெள்ளி, சனி என்று விரதங்களைக் கோத்துக்கொண்டே போனாள். வளையல் முழங்கைவரை ஏறியது. அவர்கள் அதைத் தவம் என்றனர். எங்கள் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு வேளைச் சோற்றைத் தள்ளினாலே, "யாரோட சண்டை?" என்று தெருவே கேட்கும். நாகரிகமற்ற ஊர்தான்; ஆனால் அங்கே தட்டைப் பார்க்கக் கண் இருந்தது.

நான் பணிபுரிந்த பொதுத்துறை ஆலையின் மருந்தகத்திற்கு அவளை அழைத்துச் சென்றேன். சென்னையில் படித்த மூத்த மருத்துவர், "பக்தி எக்குவ சார், அந்தே! கொடுத்துவச்சவர் நீங்க" என்று, பக்தி மிகுதி, அவ்வளவுதான் என வாழ்த்தி டானிக் எழுதினார். பட்டம் பெற்ற கண்கள் துருத்திய எலும்பிலும் பக்தியையே கண்டன.

அவ்வாண்டே, உண்ண மறுக்கும் நோயைப் பொது மருத்துவர்களும் கவனிக்கக் கற்பிப்பதற்கென்று சென்னையிலிருந்து மனநல மருத்துவர் அம்மையார் ஒருவர் வந்தார். ஆலையின் பயிற்சிக் கூடத்தில் படம் காட்டும் கருவியை இயக்குபவன் நான். மருந்தகத்தார் நோயைவிட மிளகாய் பஜ்ஜியையே கூர்ந்து ஆராய்ந்தனர். "இதர் நக்கோ மேடம், ஏ அமீர் லோகாங் கி பீமாரி" என்றார் ஒருவர். இங்கே வேண்டாமாம், பணக்காரர் நோயாம்! கூடம் சிரித்தது.

அம்மையார் சிரிக்கவில்லை. நோயாளியாக நடிக்குமாறு மூத்த மருத்துவரை அழைத்துப் பஜ்ஜித் தட்டை நீட்டினார்.

"இன்னிக்கு சனிவாரம் மேடம். எனக்கு விரதம்."

"எப்ப முடியும், டாக்டர்?"

"சாயங்காலம். வீட்ல பெசரட்டு தோசை ரெடியா இருக்கும்!"

"முடியவே முடியாத விரதத்தோட ஒரு பொண்ணு வந்தா என்ன எழுதுவீங்க?"

மூத்த மருத்துவர் திரும்பி, கருவியருகே இருட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

அதட்டாதே, புகழாதே, வாரந்தோறும் எடை பார், நாடி தளர்ந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு, உண்ணும்போது வீட்டார் உடனிருக்கட்டும். அம்மையார் முதலில் கற்பித்தவை இவையே. இதைச் சொல்லவும் இத்தனை பட்டதாரிகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது!

திங்களன்று மூத்த மருத்துவர் வசந்தாவிடம் மகளை அழைப்பதுபோல் கேட்டார்: "உன் விரதம் எப்ப முடியும், தல்லி?"

"தெலீது அங்கிள். பயங்கா உந்தி" என்று அவள் அழுதாள். தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்னும் அச்சொற்களை என்னிடம் தமிழில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் மெல்ல உண்ணத் தொடங்கியதும், குங்குமம் வாங்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டனர்; தவம் கலைந்துவிட்டதாம். இப்போதும் அவள், "சாலு அம்மா" என்று, போதுமெனத் தெலுங்கில் சொல்லித் தட்டைத் தள்ளுகிறாள். "இன்னும் ஒரு வாய்டி" என்று அவள் தாய் தமிழில் அதைத் திருப்பி நகர்த்துகிறாள். இரு கைகளுக்கிடையே போய்வரும் அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தபடி, அதட்டாமலும் புகழாமலும், எம்மொழியிலும் பேசாமல் உடன் அமர்ந்திருக்கிறேன்.