கோல் போட்ட கிராணி

ஹாக்கி ஆடுகிறவன் பந்தைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது மனிதர்களை. வேலையில் இருந்துகொண்டே ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லீவு கேட்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1930களில் நான் மலாயாவில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. சனிக்கிழமைகளில் ஜொகூர் பாருவில் ஆட்டம்.

வளைந்த தடி

மட்டையோடு ரயில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒருமுறை ஜொகூர் பாரு ஸ்டேஷனில் மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் என்னை நிறுத்தினார். மட்டையை வாங்கி முனையை மோந்து பார்த்தார். விளையாட்டுச் சாமான் என்றேன். பந்து எங்கே என்றார். பந்து கிளப்பில் இருக்கிறது என்றதை அவர் நம்பவில்லை. முழங்கால் காயத்தைக் காட்டினேன். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: "சரி, போ. அடிபட்டவன் வந்து சொன்னால் உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கும்."

காலை ஓட்டம்

விடியும்போதே எழுந்து, ஆட்கள் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்று பேர் கொடுப்பதற்குள் தோட்டத்து மண்சாலையில் இரண்டு மைல் ஓடுவேன். என்னைக் கண்டதும் வழியில் பேச்சு நின்றுவிடும்.

கங்காணி வீரப்பன் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு நான் கடந்து போகும்வரை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பற்றி வெள்ளைக்கார மேனேஜர் துரையிடம் சொல்ல ஏதோ சேகரிக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவரே கேட்டார்: "உடம்புக்குத்தான் ஓடறீங்களா கெராணி ஐயா, இல்ல எங்க ஆளுங்கள்ல எவன் லேட்டுன்னு பாக்கறீங்களா?"

துண்டுச் சீட்டு

இந்தியாவிலிருந்து வரும் அணியோடு சிங்கப்பூரில் ஆட மலாயா அணிக்கு என்னை எடுத்திருந்தார்கள். நான்கு நாள் லீவு வேண்டும். துரை பதில் சொல்லாமல் ஒரு வாரம் இழுத்தார். அப்போது துரை பங்களாவுக்கு மருந்து கொண்டுபோயிருந்த தோட்டத்து ஆஸ்பத்திரி ட்ரெஸரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: 'கங்காணி துரையிடம் உங்கள் கோள் சொல்லுகிறார். உடனே வரவும்.'

வழியெல்லாம் யோசித்தேன். முந்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். பங்களாவுக்குள் போனதும், மழை நாளில் பால் வெட்டப் போகாத ஆட்களுக்கும் வேலைக்கு வந்ததாகக் கங்காணி பேர் போடுகிறார் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். அது உண்மைதான். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை.

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அறையின் மூலையில் கங்காணி நின்றிருந்தார். குடையைத் தலைகீழாக, மட்டை பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். போன சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்கு வந்து என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். அதைத்தான் துரைக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் 'ல'வும் 'ள'வும் வாயில் ஒன்றுதான். 'கோல்' என்பதை ட்ரெஸர் வாயில் வருகிறபடியே எழுதியிருந்தார்.

துரை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கங்காணி உன் மூணு கோல் சொன்னான். நீ கங்காணி பத்தி சொல்றே. ரெண்டு பேருக்கும் லீவு."

செடெனாக் ஸ்டேஷன்

எனக்கு நான்கு நாள். அவருக்கு ஒரேயடியாக. சிங்கப்பூரிலிருந்து திரும்பி இறங்கியபோது பிளாட்பாரத்தில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கேட்டுப் போகிறார்களாம். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். அவர்தான் முதலில் பேசினார். "கோல் போட்டீங்களா கெராணி ஐயா?"

"ஒண்ணு," என்றேன்.

அவர் என் மட்டையைப் பார்த்தார். பிறகு வண்டி வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒண்ணு போதுமே."

மலாயாவுக்காக அதன் பிறகு மூன்று வருடம் ஆடினேன் என்றாலும், யாராவது என் கோலைப் புகழ ஆரம்பித்தால் எந்த எழுத்தைச் சொல்கிறார் என்றுதான் இன்றுவரை உற்றுக் கேட்கிறேன்.