ஆளுக்கு அரைச் சுற்று

காலை பத்து மணிக்கு வண்டி முதல் தடவை வெடித்தது. தீயெல்லாம் பிடிக்கவில்லை. செல்ஃப் அடித்ததும் இஞ்சின் இரண்டு சுற்று முனகிவிட்டு, கார்புரேட்டர் வழியாகப் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் பின்னால் சைலன்சரில் டமார் என்று ஒரு சத்தம். தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பிப் போயின.

ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தவளைப் பட்டறைக்கு வருகிறவர்கள் கரண்ட் அக்கா என்பார்கள். நாற்பத்தேழு வயது. பானெட்டுக்கு அடியில் குனிந்திருந்தவர் அவளுடைய அண்ணன். பட்டறை இருவருக்கும் பொது, வேலை பொது இல்லை. இஞ்சின், கியர், பிரேக் எல்லாம் அண்ணன் பக்கம். பேட்டரியிலிருந்து பின்விளக்கு வரை ஒயர் ஓடுகிற எதுவானாலும் அவள் பக்கம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். “ஒரே ஒரு லாரிக்கு ஒயரிங் இழுத்துக் குடுத்துட்டுப் போயிடு” என்று அண்ணன் கூப்பிட்டார். லாரி போய்விட்டது. அவள் போகவில்லை.

இருவருக்கும் நடுவில் எல்லை தெளிவாகத்தான் இருந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தவிர. ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற பொருள். அதன் கால் இஞ்சினுக்குள் இறங்கிச் சுற்றும். தலையிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் போகும். எந்த சிலிண்டரில் எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்பது அதன் கையில். காலைப் பார்த்தால் அண்ணனுடையது, தலையைப் பார்த்தால் அவளுடையது. அந்த வழக்கு இருபத்தாறு வருஷமாக நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை.

வண்டி யாருடையது என்பதில் மட்டும் வழக்கில்லை. அது அவளுடையது. அவளைவிட இரண்டு வயது மூத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய இரும்புக் கடை வாசலில் கண்ணாடி இல்லாமல், சீட்டில் செடி முளைத்து நின்றதை இழுத்து வந்தாள். தோழிகள் வெளியூர் போன விடுமுறை நாளெல்லாம் அவள் அதன் அடியில் படுத்திருந்தாள். ஒயர் முழுக்கப் புதிதாக இழுத்தாள். கதவை நிமிர்த்தி, தரையை வெட்டிப் போட்டு, பச்சை வர்ணம் பூசினாள். அண்ணனைப் பொறுத்தவரை அது, இன்னொரு வண்டி நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற தகரம். இருந்தாலும் தங்கச்சி கெஞ்சிக் கேட்டாள் என்று நேற்று டைமிங் செயினை மாற்றிக் கொடுத்து, அதற்காகக் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை இன்று காலை திரும்ப இறக்கினார்.

அவள் கெஞ்சியதற்குக் காரணம், கெடு இன்றோடு முடிகிறது. வருஷக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வண்டிகளின் பதிவை ரத்து செய்யப்போவதாகக் கடிதம் வந்து, இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. இன்று மாலை நாலு மணிக்குள் வண்டி தானாக ஓடிப்போய் சோதனைக் கூடத்தில் நிற்க வேண்டும். கட்டி இழுத்துப் போனால் செல்லாது. நிற்காவிட்டால் நாளையிலிருந்து காகிதத்தில் அது வண்டியே இல்லை. எடைக்குப் போட வேண்டிய இரும்பு.

“ஒயரை மாத்திக் குத்தியிருக்கே” என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

“வரிசை ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீதான் தப்புச் சுத்துல இறக்கிட்டே.”

“நானா? முப்பது வருஷமா இறக்கறேன்.”

“கட்டைவிரல் வச்சுப் பாத்தியா?”

விஷயம் இதுதான். இஞ்சின் முன்னால் சுற்றுகிற புல்லியில் ஒரு கோடு உண்டு. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் கோடு முள்ளுக்கு நேராக வரும். ஆனால் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு தடவை: ஒருமுறை பெட்ரோலையும் காற்றையும் அழுத்திக்கொண்டு, மறுமுறை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. பொறி அழுத்தும்போது விழ வேண்டும். இன்னொன்றுக்குக் கணக்குப் பண்ணி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் தும்மலும் டமாரும்தான். கோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் சரியான சுற்று.

“விரல் வச்சுப் பாக்க நான் என்ன நேத்து வேலைக்குச் சேர்ந்தவனா?” என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அண்ணன் வேறொரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கும் அண்ணி வழியாகத்தான் எல்லாம் போகும். இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டே, “அண்ணி, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேணும்னு சொல்லுங்க” என்பாள் இவள். “எடுத்த இடத்துல வைக்கச் சொல்லு” என்பார் அவர்.

அவளுக்குக் கழுத்துவரை எரிந்தது. ஆனால் எரிச்சலிலும் புத்தி வேலை செய்தது. அண்ணன் தப்பை ஒத்துக்கொள்ளக் காத்திருந்தால் நாலு மணி என்ன, நாலு வருஷம் ஆகும். அவரைக் கேட்காமலே சரி செய்ய ஒரு வழி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டாம். மூடியில் இருக்கிற நாலு ஒயரையும் இரண்டிரண்டு ஓட்டை தள்ளிக் குத்தினால் போதும், பொறி அரைச் சுற்று நகர்ந்துவிடும். குத்தினாள். சொல்லவில்லை. சொன்னால் ‘பாத்தியா, ஒயர்தான் தப்பு’ என்பார். செல்ஃப் அடிக்கப் போகும்போது அண்ணி கண்ணாடியைத் தட்டினாள். சோதனைக் கூடத்திலிருந்து ஃபோன். உள்ளே போய், பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். வண்டி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வந்து செல்ஃப் அடித்தாள். இந்தத் தடவை டமார் சத்தத்தில் அடுத்த கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுற்று இப்போது சரி. அவளே தன் கையால் சரிசெய்தது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ. ஆச்சரியம் என்னவென்றால் அண்ணனும் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, குழம்பிய முகத்தோடு பானெட்டுக்குள் பார்த்தார். ஒயர் தப்பு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. “காயிலைப் பாக்கச் சொல்லு அவளை” என்றார்.

பொறிக்குக் கரண்ட் தருகிற அந்தக் காயிலைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. மாற்றிப் பார்த்தாள். டமார். பாயிண்ட் இடைவெளியை அளந்தாள். கண்டன்சரை மாற்றினாள். அண்ணன் கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார், பெட்ரோல் குழாயை ஊதினார், ஊதுவதற்கு இனி ஒன்றும் இல்லாதபோது பெருமூச்சு ஊதினார். பேட்டரி இரண்டு தடவை தீர்ந்தது. பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. சாப்பாட்டு டப்பாக்கள் திறக்காமல் கிடந்தன. அவள் கையில் பிளக் ஒயர் இரண்டு தடவை ஷாக் அடித்தது. இரண்டாவது தடவை அவள் வண்டியை வைத வார்த்தையைக் கேட்டு அண்ணி ஜன்னலைச் சாத்தினாள்.

“அண்ணி, செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்காரான்னு கேளுங்க.”

“ஒரு பல்லும் தள்ளலை, அவ வாயில இருக்கிற பல்லை எண்ணச் சொல்லு.”

“அண்ணி, மணி ரெண்டுன்னு சொல்லுங்க.”

“எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்னு சொல்லு.”

இரண்டேகாலுக்கு அண்ணி பேனாவை மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்தாள். சாதாரணமாக அவள் பட்டறைத் தரையில் கால் வைப்பதில்லை, கிரீஸ் ஒட்டும் என்று.

“நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்காரியா? காலைலேருந்து கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தர் நகந்தா இன்னொருத்தர் வந்து அந்தக் குட்டிச் சட்டியையே நோண்டறீங்க. இவ என்னடான்னா ஒயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி வேற ஓட்டையில குத்தினா. இவ ஃபோனுக்கு வந்ததும் நீங்க ஓடி வந்து பிளக் ஓட்டையில விரலை வச்சுப் பாத்துட்டு, மூடியைத் தூக்கி ஓரமா போட்டு, அந்தச் சட்டியைப் பிடுங்கித் திருப்பி வச்சீங்க. ஆளுக்கு ஒரு தடவை சரி பண்ணியாச்சு. அப்புறமும் கிளம்பலைன்னா அது வண்டியா, கல்லா?”

இருவரும் குனிந்து மூடியையும் ஒயரையும் பார்த்தார்கள்.

“நீ ஒயரை மாத்தினியா?” என்றார் அண்ணன்.

“நீ தூக்கித் திருப்பினியா?” என்றாள் அவள்.

அவள் ஒரு அரைச் சுற்று, அவர் ஒரு அரைச் சுற்று. இரண்டும் சேர்ந்து வண்டி காலை பத்து மணிக்கு எந்தத் தப்பில் இருந்ததோ அதே தப்பில் வந்து நின்றிருந்தது. நாலு மணி நேரமாக இருவரும், சுற்று சரி என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் பிரித்திருந்தார்கள்.

“நான் ஒயரைப் பழையபடி குத்திடறேன்.”

“வேண்டாம், நான் திருப்பினதைத் திருப்பிடறேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அண்ணி கத்தினாள்: “ஒருத்தர்! யாராவது ஒருத்தர் மட்டும் தொடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்!”

ஒயரை அவளே மாற்றினாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு செல்ஃப் அடித்தாள். வண்டி கிளம்பியது. இருமிக்கொண்டு, ஆடிக்கொண்டு, ஆனால் கிளம்பியது.

இனி நுணுக்கமாக வைக்க வேண்டும். டைமிங் லைட்டை எடுத்து வந்து முதல் பிளக் ஒயரில் மாட்டினாள். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தடவை மின்னுகிற விளக்கு அது. சுற்றுகிற புல்லியில் அடித்தால் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அண்ணன் அடி நட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். “இன்னும்... இன்னும்... தாண்டிட்டே, திரும்பு... அங்கேயே நில்லு” என்றாள். பத்து டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன் புத்தகம் சொன்ன பத்து. இஞ்சின் ஆட்டத்தை விட்டு ஒரே சீராக ஓடியது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். “கொஞ்சம் முன்னாடி விழுது. ரெண்டு டிகிரி குறைக்கணும்.”

“லைட்டு பத்துங்குது.”

“லைட்டுக்குக் காது இருக்கா?”

“நட்டை இறுக்கு. மணி மூணே கால்.”

இறுக்கினார். பிறகு, யாரும் கூப்பிடாமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சமதரையில் வண்டி வெண்ணெய்போல ஓடியது. மேம்பாலத்து ஏற்றத்தில் அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ கண்ணாடி டம்ளரில் கோலிக்குண்டை உருட்டுகிற மாதிரி. பொறி சீக்கிரம் விழுந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் அதன் தலையில் அடி விழும். அந்த அடியின் சத்தம் இது. அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான் சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், மறுத்துவிட்டு ஓட்டியிருப்பாள்.

சோதனைக் கூடத்தில் ஏற்றத்தில் ஓட்டித்தான் பார்ப்பார்கள். இந்தச் சத்தத்தைக் கேட்டால் காதுள்ள யாரும் திருப்பி அனுப்புவார்கள். நிறுத்தினால் நேரம் போகும். மணி மூன்று முப்பத்திரண்டு. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு பாலத்தின் மறுபக்கம் இறங்கி ஓரம் கட்டினாள்.

“கேக்குது” என்றாள்.

“ம்.”

“எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தெரியும். நீ கேட்டுச் சொல்லு.”

சூடான இஞ்சினில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு அவள் திருப்பினாள். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. “அவனைச் சும்மா இருக்கச் சொல்லு” என்றார், ஏதோ அவள் சொன்னால் பஸ் கேட்கும் என்பதுபோல. “போதும். இறுக்கு.”

மூன்று ஐம்பத்தொன்றுக்குக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். சோதனை அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

“இவ்வளவு பழைய இஞ்சின், சத்தமே இல்லாம ஏறுது. டைமிங் யார் வச்சது?”

அவள் அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் அவளைப் பார்த்தார். அதிகாரி ஒருவர் முகத்தைப் பார்த்தார், மற்றவர் முகத்தைப் பார்த்தார். குடும்ப விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்திக் காகிதத்தை நீட்டினார்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அவள் சாவியைத் திருப்பவில்லை. காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி மடித்தாள்.

“காலைல நான்தான் தப்பா இறக்கினேன்” என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்து.

“தெரியும். கதவை ஓங்கிச் சாத்து, அது சரியாப் பிடிக்காது.”